ஆண் புத்தியும் பெண் புத்தியும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிற அன்று, தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சற்றே மாற்றி மாற்றித் தலைப்பாகப் போடுவதும், 'வழக்கம்போல் மாணவிகளே அதிகம் தேர்ச்சி' என்ற அந்த வாக்கியத்தைப் படித்த நம் வீட்டுப் பெரியவர்கள், காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமலேயே அதற்கொரு சமாதானம் சொல்லிவிடுவதும் சம்பிரதாயமாகிவிட்டன. 2024-ஆம் ஆண்டில் மாணவிகளில் நூற்றுக்கு 96.44 பேரும், மாணவர்களில் நூற்றுக்கு 92.37 பேரும் தேறினார்கள். "பெண் குழந்தைகள் உட்கார்ந்து உருப்போடும், பையன்களுக்கு மூளை உண்டு, உட்காரத்தான் மாட்டார்கள்" என்பது அந்தச் சமாதானம். அதிலுள்ள தர்க்கத்தைச் சற்றே ஊன்றிக் கவனிக்க வேண்டும். பையன் அதிக மதிப்பெண் வாங்கினால் அது அவன் புத்திக்குச் சான்று. பெண் வாங்கினால் அது அவள் உழைப்புக்குச் சான்று. பையன் தவறினால் அது விளையாட்டுத்தனம். பெண் தவறினாலோ, 'பெண்புத்தி பின்புத்தி' என்ற பழமொழி திண்ணையிலேயே தயாராக உட்கார்ந்திருக்கிறது. எந்த வழியில் போனாலும் ஒரே வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிற இந்த நியாயத்தை நம்மவர் கண்டுபிடித்ததாக எண்ணிப் பெருமையோ சிறுமையோ அடைய வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மகா பண்டிதர்கள் இதையே சாஸ்திரமாக்கி, தராசும் நாடாவும் வைத்து நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டா என்ற கேள்வி கேட்கத் தகாத கேள்வி என்று சொல்லுகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. இயற்கையைப் பற்றிய எந்தக் கேள்வியையும் கேட்கலாம். வருகிற விடை நமக்குப் பிடிக்காததாக இருந்தால் அதையும் ஏற்க வேண்டியதுதான். என்னுடைய குறை வேறு. இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடையை மடியில் முடிந்துகொண்டே புறப்பட்டார்கள் என்பதும், தாங்களே செய்த அளவுகோல் தங்களுக்கு விரோதமாகச் சாய்ந்தபோதெல்லாம் தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு கோலை மாத்திரம் மாற்றினார்கள் என்பதும், இந்த நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டுகிற எவருக்கும் பிரத்தியட்சமாகத் தெரியும்.

பாரிஸ் நகரத்து வைத்தியர் பால் புரோக்கா சாமானியர் அல்லர். மனிதனுடைய பேச்சுக்கு ஆதாரமான பகுதி மூளையில் எங்கே இருக்கிறது என்று 1861-இல் சுட்டிக் காட்டியவர். அந்தப் பகுதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அப்படிப்பட்டவர், ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்களுடைய மூளைகளை எடுத்து நிறுத்துப் பார்த்ததில், 292 ஆண் மூளைகளின் சராசரி எடை 1,325 கிராம் என்றும், 140 பெண் மூளைகளின் சராசரி எடை 1,144 கிராம் என்றும் கணக்கு வந்தது. வித்தியாசம் 181 கிராம். பெண்ணின் உடல் ஆணின் உடலைவிடச் சிறியது, ஆகையால் மூளையும் சிறியதாகவே இருக்கும் என்ற எளிய விஷயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், பெண்கள் ஆண்களைவிடச் சற்றே புத்தி குறைந்தவர்கள் என்பதுதான் நாம் அறிந்ததாயிற்றே, ஆகையால் இந்த வித்தியாசம் உடலின் சிறுமையால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது என்று அவர் வாதித்தார். எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே நிரூபணத்துக்குச் சாட்சியாக அழைக்கிற இந்தக் காரியத்தை ஒரு பள்ளிப்பையன் செய்திருந்தால் ஆசிரியர் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார். நூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்ட், புரோக்காவின் எண்களையே எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்கள் ஆண்களைவிட வயதில் மூத்தவர்களாகவும் உயரத்தில் குட்டையானவர்களாகவும் இருந்ததற்கு உரிய கழிவைக் கழித்துப் பார்த்தபோது, 181 கிராம் 113 கிராமாகச் சுருங்கிற்று. அதுவும் முழு உடலின் பருமனையும் எந்த நோயால் இறந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்காமல்.

எடைதான் புத்தி என்றால் அதன் விளைவுகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? ருஷ்ய நாவலாசிரியர் துர்கனேவின் மூளை இரண்டு கிலோவைத் தாண்டிற்று, மிகவும் நன்று. ஆனால் நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்ஸின் மூளை 1,017 கிராம்தான். புரோக்காவின் கணக்குப்படி அவர் சராசரிப் பாரிஸ் பெண்மணிக்கும் கீழே. ஐன்ஸ்டீனுடைய மூளை 1,230 கிராம். பெயர் தெரியாமல் பாரிஸ் ஆஸ்பத்திரியில் இறந்த சராசரி ஆண்மகனுக்குச் சுமார் நூறு கிராம் குறைவு. யானைக்கோ ஐந்து கிலோ அளவில் இருக்கிறது. இவையெல்லாம் தெரியவந்த பின்னும் அந்தப் பண்டிதர்கள் கைவிட்டார்களா என்றால், இல்லை. கும்பலின் மனத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற குஸ்தாவ் லெ போன், 1879-இல், பாரிஸ் பெண்களில் பலருடைய மூளை வளர்ச்சியடைந்த ஆண் மூளையைவிடக் கொரில்லாவின் மூளைக்கே நெருங்கியது என்று கூசாமல் எழுதினார். டார்வினுடைய நண்பரான ஜார்ஜ் ரொமானிஸ் 1887-இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில், பெண்ணின் மூளை ஆணின் மூளையைவிட ஐந்து அவுன்ஸ் குறைவு, ஆகவே அறிவும் அந்த அளவுக்குக் குறைவாகவே எதிர்பார்க்கப்பட வேண்டும் என்று முடிவு கட்டினார். (இதற்கு எதிராக, உடற்பருமனுக்குச் சரிக்கட்டிப் பார்த்தால் பெண்ணின் மூளையே சற்றுப் பெரியது என்று கணக்கிட்டவர்களும் உண்டு, குழந்தைக் கல்வியில் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. தப்பான தராசு நம் பக்கம் சாய்ந்துவிட்டதனாலேயே சரியான தராசாகிவிடாது.)

ரொமானிஸின் ஐந்து அவுன்ஸ் கணக்கு வெளியாகி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1890-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கணிதத் தேர்வின் முடிவுகளை வாசித்தார்கள். உலகத்திலேயே கடினமான கணிதப் பரீட்சை என்று அக்காலத்தில் பெயர் பெற்ற அத்தேர்வில் முதலாவதாக வருகிறவருக்குச் சீனியர் ராங்ளர் என்று பட்டம். பெண்கள் 1881 முதல் முறைப்படி அதை எழுதலாம். ஆனால் வரிசையில் எண் கிடையாது, பட்டமும் கிடையாது. ஆண்களின் பட்டியல் முழுவதும் வாசித்து முடிந்த பிறகு, இன்ன பெண் இத்தனையாவது ஆணுக்கும் அடுத்தவனுக்கும் இடையே வந்திருக்கிறாள் என்று தனியே சொல்லுவார்கள். அன்றைக்குப் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண்ணின் முறை வந்தபோது, 'சீனியர் ராங்ளருக்கு மேலே' என்று வாசிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக வந்தவரைவிட நூற்றுக்குப் பதின்மூன்று அதிகம். அவளுடைய தகப்பனார் ஹென்றி ஃபாசெட், கண் தெரியாத பொருளாதார அறிஞர். பார்லிமெண்டில் நம் நாட்டுக் குறைகளை இடைவிடாமல் எடுத்துப் பேசியதால் 'இந்தியாவின் அங்கத்தினர்' என்றே அழைக்கப்பட்டவர். மகளின் வெற்றியைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு கேம்பிரிட்ஜ் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதற்கு அது மேலும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, 1948-இல்தான் இசைந்தது. பிலிப்பா ஃபாசெட் எண்பது வயதில் காலமானதும் அதே 1948-இல்.

ஒருத்தி முதலாக வந்துவிட்டால் அவள் விதிவிலக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், தப்பித்துக்கொண்டார்கள். அடுத்து நடந்ததோ, அப்படித் தப்பமுடியாதபடி அந்தச் சாஸ்திரத்தின் அடிவேரிலேயே கைவைத்துவிட்டது. லண்டனில் பெட்ஃபோர்டு கல்லூரி என்ற பெண்கள் கல்லூரியில் படித்து, அங்கேயே கற்பித்தும் வந்த ஆலிஸ் லீ என்னும் பெண்மணி, புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவரான கார்ல் பியர்சனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அதுவரை மண்டையின் கொள்ளளவை அறிய வேண்டுமானால், இறந்தவனின் ஓட்டை எடுத்து, மணலோ கடுகோ ஈயக்குண்டோ நிரப்பி, கொட்டி அளக்க வேண்டும். உயிரோடிருக்கிற மனிதனின் புத்தியை, அவன் செத்தாலொழிய நிர்ணயிக்க வழியில்லை. லீ அம்மையார், தலையின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் வெளியிலிருந்தே அளந்து, உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் வகுத்தார். சூத்திரம் கையில் வந்த பிறகு அதை யார் தலையில் பிரயோகிப்பது?

1898-ஆம் ஆண்டு, டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் உடற்கூற்றுச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் மண்டையோட்டு விவகாரத்திலேயே தலைநரைத்த பேராசிரியர்கள். அவர்களில் 35 பேருடைய தலைகள் அளக்கப்பட்டன. அளக்கக் கொடுத்தவர்களுக்கு அச்சம் ஒன்றும் இருந்திருக்க நியாயமில்லை. பெரிய அறிவாளிக்குப் பெரிய தலை என்பது அவர்களே பிறருக்குப் போதித்து வந்த சித்தாந்தம் அல்லவா? லீ அந்த அளவுகளைத் தம் சூத்திரத்தில் போட்டு, பெரிய மண்டை முதல் சிறிய மண்டை ஈறாக, பெயரோடு வரிசைப்படுத்தினார். அந்த வரிசைக்கும் அவர்களுடைய கீர்த்தியின் வரிசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐரோப்பா முழுதும் பெயர்பெற்ற பாசல் நகரத்துப் பேராசிரியர் யோஹான்னஸ் கோல்மன், பட்டியலின் அடிமட்டத்துக்கு அருகே, மிகச் சிறிய தலைக்காரர்களில் ஒருவராக இருந்தார். இத்துடன், பெட்ஃபோர்டு கல்லூரி மாணவியர் முப்பது பேரையும், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆசிரியர்கள் இருபத்தைந்து பேரையும் லீ ஒப்பிட்டுப் பார்த்ததில், சில மாணவிகளின் தலை சில பேராசிரியர்களின் தலையைவிடப் பெரியதாக இருந்தது. ஆகவே, கற்றறிந்த அப்பெரியோர்களுக்கு இரண்டே வழிகள்தாம் மிஞ்சின: தங்கள் சகாக்களில் பலர் மந்தபுத்திக்காரர்கள் என்று ஒப்புக்கொள்வது, அல்லது மண்டையின் அளவுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்று ஒப்புக்கொள்வது.

இந்த ஆராய்ச்சியை லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காக அவர் சமர்ப்பித்தபோது, பரீட்சகர்களில் ஒருவராக வந்து அமர்ந்த எடின்பரோ பேராசிரியர் சர் வில்லியம் டர்னர், டப்ளின் பட்டியலில் எட்டாவது ஆளாக இடம்பெற்றிருந்தவர். ஆராய்ச்சியில் லீயின் சொந்தச் சரக்கு எவ்வளவு, குருவின் சரக்கு எவ்வளவு என்றெல்லாம் கேள்விகள் எழுந்து, பியர்சன் தலையிட்டு வாதாடிய பிறகே பட்டம் கைக்கு வந்தது. ஆராய்ச்சி 1901-இல் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. இதில் நான் மிகவும் ரசிக்கிற விஷயம் ஒன்றுண்டு: பெண்களுக்கும் புத்தி உண்டு என்று ஒரு வரிகூட அவர் வாதித்துக்கொண்டிருக்கவில்லை, எதிராளியின் அளவுகோலை வாங்கி எதிராளியின் தலையிலேயே வைத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். ஒரு துயரத்தையும் சொல்லிவிட வேண்டும். பெண்களை இந்தக் கோலிலிருந்து விடுவித்த அதே பியர்சன் கூடம்தான், உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று மனிதர்களைப் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பிற்பாடு கோட்டையாக நின்றது.

மண்டை போயிற்று, அதன் இடத்துக்கு நுண்ணறிவுச் சோதனை வந்தது. 1905-இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே தொடங்கிய சோதனை அமெரிக்காவுக்குப் போய் ஐ.க்யூ. என்ற எண்ணாக வளர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் என்ன வித்தியாசம் என்பதற்கு நாம் காட்டக்கூடிய மிகப் பெரிய சான்று ஸ்காட்லாந்து தேசத்துக் குழந்தைகள். 1932-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று, 1921-இல் பிறந்து பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அனைவரையும், ஏறக்குறைய ஒருவர் விடாமல், 87,498 பேரை, ஒரே நாளில் ஒரே சோதனையை எழுத வைத்தார்கள். பொறுக்கி எடுத்த சிலரை அல்ல, ஒரு தேசத்தின் பதினொரு வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்தபடியால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பழைய விடைக் கணக்குகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டவர்கள் கண்டது: ஆண் பிள்ளைகளின் சராசரிக்கும் பெண் பிள்ளைகளின் சராசரிக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் ஆண் பிள்ளைகளின் மதிப்பெண்கள் இரண்டு கோடிகளிலும் சற்றே அதிகமாகப் பரவியிருந்தன. மிக உயர்ந்தவர்களிலும் பையன்கள் அதிகம், மிகத் தாழ்ந்தவர்களிலும் பையன்கள் அதிகம்.

சராசரி சமம் என்றவுடன் பெண்கள் பக்கத்து வழக்கறிஞர்கள் வெற்றி முரசு கொட்டிவிடக் கூடாது. ஐ.க்யூ. சோதனைகள் பலவற்றைத் தயாரிக்கும்போதே, ஒரு பாலாருக்கு மிகவும் சாதகமாக அமைந்த கேள்விகளை நீக்கிவிடுவது வழக்கம். டெர்மனும் மெரிலும் 1937-இல் ஸ்டான்ஃபோர்டு சோதனையைத் திருத்தியபோது அப்படித்தான் செய்தார்கள். ஆகையால் மொத்த எண் சமமாக வருவதில் ஒரு பகுதி, சமமாக வரும்படி அமைத்ததன் பயன். கேள்விகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் சில வித்தியாசங்கள் நிலையாகத் தென்படத்தான் செய்கின்றன: ஒரு உருவத்தை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்க்கும் சோதனையில் சராசரி ஆண் முந்துகிறான், எழுத்திலும், சொற்களை நினைவில் வைத்து மளமளவென்று எடுப்பதிலும் சராசரிப் பெண் முந்துகிறாள். இவற்றை மறைப்பதால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் எதையும் பிறவிக்குணம் என்று முத்திரை குத்துமுன், நம் தேசத்திலேயே வடகிழக்கில் நடந்த ஒரு பரிசோதனையை அறிந்துகொள்வது நல்லது. காசி என்ற இனத்தார் தாய்வழிச் சொத்துரிமை உடையவர்கள். குடும்பச் சொத்து கடைக்குட்டிப் பெண்ணுக்குப் போகும். அவர்களுக்கு அருகே வசிக்கும் கார்பி இனத்தாரோ தந்தைவழியினர். பெண்ணுக்கு நிலம் இல்லை, படிப்பும் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் குறைவு. இரு சாராரின் கிராமங்களிலும் 1,279 பேரிடம், குதிரைப் படம் ஒன்றை நான்கு துண்டுகளாக்கிக் கொடுத்து, பொருத்தச் சொல்லி நேரம் பார்த்தார்கள். கார்பியரில் ஆண்கள் பெண்களைவிடத் தெளிவாக விரைந்து முடித்தார்கள். காசியரில் அந்த வித்தியாசத்தைக் காணோம். 2011-இல் வெளியான இந்த ஒரு சோதனையால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரே பிரதேசத்தில், அடுத்தடுத்த ஊர்களில் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போகிற குணத்தை மூளையின் அமைப்பு என்று சொல்லுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று மாத்திரம் சொல்லுகிறேன்.

இனி, அந்த இரு கோடிகளின் விஷயம். இன்றைக்குக் கற்றவர்கள் யாரும் சராசரியைப் பற்றிச் சண்டை போடுவதில்லை; சண்டையெல்லாம் உச்சியைப் பற்றித்தான். 2005 ஜனவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ், விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் மேற்படிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு, உச்சிக் கோடியில் இயல்பான திறமையின் பரவல் வேறுபடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், வளர்ப்பையும் பாரபட்சத்தையும்விட அதற்கே அதிக முக்கியம் இருக்கக்கூடும் என்றும் பேசிப் பெரும் புயலைக் கிளப்பினார். மறு ஆண்டு அவர் பதவி துறந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. அவர் சொன்னது புதிதல்ல. ஆண்களிடையே ஏற்ற இறக்கம் அதிகம், ஆகையால் மேதைகளும் ஆண்களே என்ற வாதம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடமாடியது. அதை அக்காலத்திலேயே எதிர்த்து நின்றவர் நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற பெண்மணி. ஆசிரியையாக இருந்தவர், கணவனோடு நியூயார்க்குக்கு வந்தபோது, கல்யாணமான பெண்ணுக்கு அந்நகரத்துப் பள்ளிகளில் வேலை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். புத்திக்குறை உள்ளவர்களைப் பரிசோதிக்கும் நிலையத்தில் வேலைக்கு அமர்ந்த அவர், அங்கே கொண்டுவரப்படுகிறவர்களில் ஆண்கள் ஏன் அதிகம் என்று யோசித்தார். புத்திக்குறை உள்ள பையன் ஒருவன் வெளியே போய்ச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. போன இடத்தில் வெகு சீக்கிரம் அகப்பட்டுக்கொள்கிறான். அதே குறை உள்ள பெண்ணோ வீட்டிலேயே பாத்திரம் துலக்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறாள். அவளைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றுவதில்லை. வீட்டு வேலை மந்தத்தை மறைக்கிறது என்றால் மேதைமையையும் அதுவே மறைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். 1914-இல் அவரும் ஹெலன் மாண்டேகுவும் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆண்களையும் ஆயிரம் பெண்களையும் அளந்து, ஆண்களின் உடல் அளவுகளில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வெளியிட்டார்கள்.

ஸ்காட்லாந்துக் கணக்கில் பையன்களின் பரவல் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு, மாறாததா என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில், கணிதத்தில் அபூர்வத் திறமையுள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைத் தேடி, கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் தேர்வை அவர்களை எழுத வைத்தார்கள். அதில் 700-க்கு மேல் வாங்கினவர்களில், 1980-களின் தொடக்கத்தில், ஒரு பெண்ணுக்குப் பதின்மூன்று ஆண்கள் இருந்தார்கள். இயற்கையின் விதி இதோ என்று எத்தனையோ பேர் அப்போது கூறினார்கள். இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பதின்மூன்று சுமார் நான்காயிற்று. ஒரு தலைமுறைக்குள் மனித இனத்தின் மூளை மாறிவிடாது. மாறியவை பள்ளிக்கூடமும், பெற்றோரின் எண்ணமும், அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்ட பாடங்களுந்தான். மிஞ்சிய நான்கில் இயற்கையின் பங்கு எவ்வளவு என்று எவரேனும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தால், பதின்மூன்றில் எவ்வளவு என்று முன்பு சத்தியம் செய்தவர்களை அவர் நினைத்துக்கொள்ள வேண்டும். கணிதத்தின் தலைசிறந்த ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1936 முதல் 2022 வரை பெற்ற 64 பேரில் பெண்கள் இருவர்: 2014-இல் ஈரானிய மரியம் மிர்சாகானி, 2022-இல் உக்ரைன் நாட்டு மரினா வியாசோவ்ஸ்கா. அப்பரிசு நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கே உரியது. பிள்ளை பெற்று வளர்க்கிற வருஷங்கள் எவை என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் இந்தக் கதவு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. தேர்வில் முதலாவதாக வந்த கமலா பாகவத் (பிறகு கமலா சோஹோனி) பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மனுப் போட்டார். அதன் இயக்குநர் நம் திருச்சியில் பிறந்து உலகப் புகழ் பெற்ற சர் சி. வி. ராமன். பெண் என்ற காரணத்துக்காக மனு நிராகரிக்கப்பட்டது. கமலா பெங்களூருக்கே போய், காரணம் எழுத்தில் வேண்டும் என்று கேட்டு, சத்தியாக்கிரகம் செய்தார். காந்தியடிகளின் காலம் அல்லவா! கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது: ஒரு வருஷம் சோதனைக் காலம், குரு சொல்லும் நேரமெல்லாம் வேலை செய்ய வேண்டும், அவருடைய இருப்பால் ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாது. கவனம் சிதறுகிறவன் ஒருவன், நிபந்தனை மற்றொருத்திக்கு! ஓராண்டில் ராமன் மனம் மாறிப் பெண்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினார் என்பதையும் சொல்லவேண்டும். பெரியவர்களின் பெருமை தவற்றைத் திருத்திக்கொள்வதிலும் உண்டு. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். விஞ்ஞானத் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர். வாசலில் உட்காரத் துணியாமல் திரும்பிப் போன கமலாக்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்கள் எல்லாரும் 'பெண்களில் விஞ்ஞானிகள் குறைவு' என்ற வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டார்கள்.

அது பழங்கதை என்று சொல்லுகிறவர்கள் 2018-ஆம் ஆண்டின் தோக்கியோவைப் பார்க்கட்டும். ஜப்பானில் தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பெண்களின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைத் திருத்தி வந்தது அவ்வருஷம் ஆகஸ்டில் அம்பலமாயிற்று. முறை மிகவும் நேர்த்தியானது. எல்லாருடைய மதிப்பெண்ணிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பது. பிறகு, பலமுறை தவறியவர்கள் நீங்கலாக, ஆண்களுக்கு மட்டும் இருபது வரை சேர்ப்பது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. பெண்கள் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போய்விடக் கூடாது என்பது நோக்கம். கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவார்கள் என்பது காரணம். மதிப்பெண் குறைந்ததால் புத்தி குறைவு என்று தீர்மானிப்பதைக் கேட்டிருக்கிறோம். புத்தி கூடிவிட்டதால் மதிப்பெண்ணைக் குறைப்பது இந்தச் சரித்திரத்தின் உச்சகட்டம். வேறு சில மருத்துவக் கல்லூரிகளும் இதில் சிக்கின. திருத்தல் நின்ற பின், 2021-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பெண்களின் தேர்ச்சி விகிதம் முதன்முறையாக ஆண்களுடையதைச் சற்றே விஞ்சியிருந்தது.

இங்கே ஐ.ஐ.டி.க்களில் மதிப்பெண்ணில் கைவைத்தவர் எவரும் இல்லை. ஆயினும் 2016 அளவில் பி.டெக். வகுப்புகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் என்ற நிலையே இருந்தது. 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உண்டாக்கி, அவ்வருஷம் நூற்றுக்குப் பதினான்கு, அடுத்து பதினேழு, 2020-இல் இருபது என்று உயர்த்தத் திட்டமிட்டார்கள். தரம் கெட்டுவிடும் என்று கூக்குரல் எழுந்தது. ஆண்களுக்கு இருந்த இடங்களில் ஒன்றும் குறையவில்லை. சேர்ந்த பெண்கள் எல்லாரும் அதே தேர்வை எழுதி, தகுதிக்கு வேண்டிய அதே குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள். அவர்கள் அதற்கு முன்பும் இருந்தவர்கள்தாம். வெளியூரில் இரண்டு வருஷம் தங்கிப் பயிற்சிக்குப் போக வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள், ஆயிரம் மைலுக்கு அப்பால் இடம் கிடைத்தும் பக்கத்து ஊர்க் கல்லூரியே போதும் என்று அடக்கப்பட்டவர்கள். ஆகையால் பெண்ணைப் பெற்ற தகப்பன்மார்களிடம் எனக்கு உள்ளது ஒரே வேண்டுகோள்தான்: அவளுக்குப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதா, தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு எழும்போது, அவள் அண்ணனுக்கு எந்தக் கேள்விகளைக் கேட்டீர்களோ அவற்றை மாத்திரம் கேளுங்கள், பிற்பாடு ஆகப்போகிற கல்யாணச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.